பாலாலயத்தில் ஒரு ஜீப்

போடிநாயக்கனூரிலிருந்து சிலமலை, ராசிங்கபுரம் ஊர்களைக் கடந்து பொட்டிபுரத்துக்குப் போகிற சாலையில், மேற்கு மலை வலக்கைப் பக்கம் மதில் எழுப்பினாற்போல் கூடவே வந்துகொண்டிருக்க, இடக்கைப் பக்கம் தென்னந்தோப்பும் மானாவாரிக் காடும் மாறி மாறித் தோன்றி மறைகிற ஓர் இடத்தில், தகரக் கொட்டகை ஒன்றின் நிழலில் விலைக்கு நின்றிருந்த ஒரு பழைய ஜீப்பைப் பார்ப்பதற்காகத் தை மாதத்தில் ஒரு நாள் காலை நான் போயிருந்தேன். வாங்குகிற உத்தேசம் எனக்கில்லை. வாங்க நினைத்த சிநேகிதர் ஒருவர், பழைய வண்டிகளின் பூர்வோத்தரம் எனக்குச் சிறிது தெரியும் என்கிற தவறான நம்பிக்கையில், துணைக்கு அழைத்துப் போயிருந்தார்.

வண்டியின் முன்பாதி புதிதாகவும் பின்பாதி பழையதாகவும் இருந்தது. முன்பக்கத்து மட்கார்டுகளும் பானெட்டும் பழைய பெயிண்டு முழுவதும் சுரண்டப்பட்டு, ரெட் ஆக்சைடு பூசி உலர்ந்து, செங்கல் நிறத்தில் இருந்தன. பின்பக்கத்திலோ, நீலத்தின்மேல் பச்சையும் பச்சையின்மேல் மீண்டும் நீலமுமாக நாற்பது ஐம்பது வருஷத்துப் பூச்சு, உரிந்த இடங்களில் ஏடு ஏடாகத் தெரிந்தது. முன்கண்ணாடிச் சட்டம் மடிந்து பானெட்டின்மேல் படுத்திருந்தது. கூரை இல்லை, கூரையைத் தாங்குகிற இரும்பு வளைவுகள் இரண்டும் கோணிச்சாக்கில் சுற்றிச் சுவரோரம் சார்த்தப்பட்டிருந்தன, படுதா தைக்கக் கொடுத்து இன்னும் வந்து சேரவில்லை. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. அது நிறைய, எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்த போல்ட்டுகள்.

கோயிலில் திருப்பணி தொடங்குமுன் மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்திலோ மரப்பலகையிலோ ஆவாகனம் செய்து, ஒரு சிறு இடத்தில் எழுந்தருளப் பண்ணி, கும்பாபிஷேகம் ஆகும் வரையில் அங்கேயே பூஜை நடத்துவது சம்பிரதாயம். பாலாலயம் என்று அதற்குப் பெயர். கர்ப்பக்கிருகத்தின் கதவு சாத்தியிருக்கும், சாரம் கட்டியிருக்கும், பிராகாரத்தில் சுண்ணாம்பும் செங்கல்லும் குவிந்திருக்கும். ஆனாலும் தீபாராதனைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்குத் தோன்றியது அதுவே. பாலாலயத்தில் இருக்கிற கோயிலை யாரும் விலை பேசுவதில்லை, வண்டியைப் பேசுகிறார்கள். இப்படிப் பாதியில் நிற்கிற ஒன்றை விற்கும்போது உண்மையில் கைமாறுவது என்ன என்று விசாரிக்கப் புகுந்தால், இந்த மலையடிவாரத்தின் பழங்கதை முழுவதையும் அது கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது.

ஏலக்காய் விளைகிற இடம் வேறு, அது விலையாகிற இடம் வேறு என்பதுதான் போடியின் பிழைப்புக்கு ஆதாரம். விளைச்சல் மலைமேல், பழைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்து எல்லைக்குள், இன்றைய கணக்கில் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில். தோட்டத்துச் சொந்தக்காரர்கள் பலரும், காய் பறிக்கப் போகிற பெண்களும், காயைத் தரம் பிரித்து வாங்கி விற்கிற வியாபாரிகளும் கீழே, தமிழ்ச் சீமையில். இரண்டுக்கும் நடுவில், கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள முகட்டை நோக்கிச் செங்குத்தாக ஏறுகிற ஒரு சரிவு. எதை வைத்து ஏற்றுவது, எதை வைத்து இறக்குவது என்ற கேள்விக்கு ஜனங்கள் காலத்துக்குக் காலம் கண்டுபிடித்த விடைகளை வரிசையாக எழுதினால் இந்த ஊர்ச் சரித்திரத்தில் பாதியை எழுதியதாகிவிடும்.

பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையும் பழைய விடைகள். மலைக்கிராமங்கள் சிலவற்றுக்கு நம் காலம் வரையிலும் அவையே விடைகள். தேயிலைத் துரைமார்கள் கண்ட விடையோ இன்று கேட்டாலும் கட்டுக்கதைபோல் இருக்கும். மூணாற்றுப் பக்கத்துக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-ஆம் வருஷம் ஒற்றைத் தண்டவாளத்தின்மேல் மாடு இழுத்துச் செல்கிற ஒரு விசித்திர ரயிலைப் போட்டார்கள். 1908-ல் அதைப் பெயர்த்துவிட்டு இரண்டடி அகலத்தில் நீராவி ரயிலே விட்டார்கள். அந்த ரயிலில் டாப் ஸ்டேஷன் என்கிற முகடு வரையில் வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து ரோப்வேயின் கம்பிவடத்தில் தொங்கியபடியே மேகத்துக்குள் புகுந்து கொட்டகுடியில் வந்து இறங்கி, கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியேறிப் போடிக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கிப் போயின. மலையாளத்தார் கொல்லம் ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று சொல்லுகிற 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடியோடு வாரிக்கொண்டு போயிற்று. டாப் ஸ்டேஷன் என்கிற பெயர் மட்டும், ஸ்டேஷன் இல்லாமலே, இன்றும் இருக்கிறது.

மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்தது 1928-ல். ஊர் அதற்குள் பழகி, வியாபாரம் அதன் நேரத்தைப் பார்த்துக் கடை திறக்கக் கற்றுக்கொண்ட சமயத்தில், இரண்டாம் உலக யுத்தம் வந்து, யுத்தத் தேவைக்கென்று தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் அது திரும்பவும் போடப்பட்டது. (பிற்காலத்தில் அகலப் பாதையாக்குவதற்கென்று 2010-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்திய ரயில் மறுபடி போடிக்கு வந்தது 2023 ஜூனில் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ரயிலை இழந்து காத்திருப்பதில் இந்த ஊருக்கு நல்ல பயிற்சி உண்டென்று தோன்றுகிறது.) ஆக 1940-களின் நடுவில் போடிக்கு ரயில் இல்லை, பெட்ரோலோ கூப்பனுக்கு, தென்னாட்டில் ஓடிய பஸ்களில் பலவும், மதுரை டி.வி.எஸ். ஸ்தாபனத்தார் அக்காலத்தில் செய்து விற்ற கரிவாயு யந்திரம் போன்ற ஒன்றை முதுகில் சுமந்துகொண்டு, அடுப்புக்கரியைத் தின்று புகையைக் கக்கி நடந்துகொண்டிருந்தன. சமவெளிக்கே அந்தக் கதியென்றால் மலைக்கு எந்த வண்டி ஏறும்?

தண்டவாளத்தைக் கொண்டுபோன அதே யுத்தம், போகும்போது ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிற்று. அமெரிக்க ராணுவத்துக்காக 1940-ல் பாண்டம் என்கிற சின்னக் கம்பெனி முதல் மாதிரியைச் செய்துகாட்ட, வில்லிஸ், ஃபோர்டு என்கிற பெரிய கம்பெனிகள் இரண்டும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து குவித்த அந்த வண்டிக்குக் கதவு இல்லை, நிரந்தரக் கூரை இல்லை. கண்ணாடியை முன்னால் மடக்கலாம், படுதாவைப் பின்னால் மடக்கலாம். எடை ஏறக்குறைய 1,100 கிலோ, எஞ்சின் 60 குதிரைச் சக்தி, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம். நான்கு சக்கரமும் இழுக்கும். மலைப்பாதையில் மாட்டுவண்டி திரும்புகிற இடத்தில் அது திரும்பும் என்பதைக் கண்டுகொள்ளப் பெரிய யந்திர ஞானம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் ராணுவத்துக்கு வேண்டாதுபோன சாமான்களை அரசாங்கத்தின் டிஸ்போசல்ஸ் இலாகா ஏலம் போட்டுத் தள்ளியது. அன்றிலிருந்து ‘டிஸ்போசல்’ என்பது தமிழில் ஒரு பெயர்ச்சொல்லாயிற்று. டிஸ்போசல் பூட்ஸ், டிஸ்போசல் கம்பளி, டிஸ்போசல் ஜீப். வாங்குகிறவனுக்கு அந்தச் சொல்லில் ஏளனம் கிடையாது. உழைக்கும் என்கிற உத்தரவாதமே தொனித்தது. அதே சமயத்தில் பம்பாயில், 1945-ல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்று ஆரம்பித்து, தேசம் பிரிந்தபின் 1948-ல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா என்று பெயர் மாறிய ஸ்தாபனம், வில்லிஸ் கம்பெனியின் உறவில் ஜீப்பை இங்கேயே பூட்டத் தொடங்கியது. டிஸ்போசலில் வந்த வண்டிக்கு ஆயுள் கெட்டியானதற்கு அதுவும் ஒரு காரணம். உதிரி சாமான் கிடைக்கிற வண்டிக்கு மரணம் இல்லை.

மலை அந்த வண்டியை வாங்கிக்கொண்டு அப்படியே வைத்திருக்கவில்லை. இதைத்தான் நான் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

விடியற்காலம் நாலரை, ஐந்து மணிக்குப் போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் தெருமுனைகளில் தூக்குச்சட்டியும் பிளாஸ்டிக் கூடையுமாகக் கூடி நிற்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ தோட்டத்துக்குப் போய், அந்திக்கு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு, அவற்றுள் எத்தனையோ ஆட்கள் புகுந்திருக்கிற விதம் முதலில் பயத்தையும் பிறகுதான் ஆச்சரியத்தையும் தரும். நாலு பேருக்கென்று அமெரிக்காக்காரன் போட்ட கணக்கு இங்கே செல்லாது. ஆகவே பின்பக்கத்தை வெட்டி நீளம் கொடுத்தார்கள். எதிரெதிரே நீளப் பலகை போட்டார்கள். பெட்ரோல் விலை ஏற ஏற, ஆதி எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். எண்பதுகளுக்குப்பின் மஹிந்திரா வண்டிகளில் வந்த 2,112 சி.சி. பீஜோ எஞ்சின் அதற்கு வாகாக வாய்த்தது. படுதாக் கூரைக்குப் பதில் தகரம் அடித்தவர்கள் உண்டு. தகரத்தை எடுத்துவிட்டுத் திரும்பப் படுதாவுக்கே வந்தவர்களும் உண்டு. ஏனெனில் மலையில் ஏலத்தட்டையும் உரமூட்டையும் தண்ணீர்க் குழாயும் ஒருநாள் ஏறும், மறுநாள் பிரசவ வேதனையில் இருக்கிற ஒருத்தியை இறக்கவேண்டியிருக்கும்; கூரை இருக்கவும் வேண்டும், வேண்டாதபோது இல்லாமலும் போகவேண்டும். சினிமாவில் கதாநாயகன் பாட்டுப் பாடுவதற்காக மடக்கிய கூரையை, இங்கே மூட்டை ஏற்றுவதற்காக மடக்கினார்கள். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை.

போடியிலிருந்து முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, புலியூத்து அருவியை ஒதுங்கிப் பார்த்து, பதினேழு கொண்டையூசி வளைவுகளில் போடிமெட்டுக்கு ஏறுகிற பாதை இப்போது கொச்சியிலிருந்து வருகிற தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. எந்தக் காரும் ஏறிவிடும். ஆனால் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற கரடுமுரடான பாதைக்கு இன்றும் ஜீப்பைத் தவிர நாதியில்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு வண்டிப் பாதை கேரளத்தில் இருக்கிறது. தேவாரத்துக்காரர்கள் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருப்பது எத்தனை காலமாக என்று அந்த ஊர் முதியவர்களைத்தான் கேட்கவேண்டும். இதே பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ என்கிற அணுத்துகளை ஆராய்வதற்கு 50,000 டன் இரும்பை மலையின் வயிற்றுக்குள் அடுக்குகிற ஒரு பெருந்திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2015 ஜனவரியில் அனுமதி தந்தது. ஊரும் தமிழக அரசாங்கமும் ஆட்சேபித்தன. அதுவும் பாலாலயத்திலேதான் இருக்கிறது. அந்தப் பேச்சை ஆரம்பித்தால் ஜீப் கதை நின்றுபோகும்.

திறந்த வண்டி என்றாலே சுகபோகம் என்கிற எண்ணம் உலகத்தில் எப்போது ஏற்பட்டது என்று பார்த்தால், அதுவும் வெகு காலத்துச் சமாசாரமாகத் தோன்றவில்லை. 1919-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது திறந்தவையே. மூடிய கார் பணக்காரனுக்கு. கண்ணாடிக்கும் தகட்டுக்கும் விலை இறங்கி, 1927-க்குள் பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கார்களாகிவிட்டபின், எல்லாரும் கூரைக்குள் போய்விட்டார்களே என்பதனாலேயே கூரையில்லாததற்கு ஓர் அந்தஸ்து வந்தது. நம் ஜமீன்தார்கள் வாங்கிய பெரிய டூரர் கார்கள் அந்த இரண்டு காலத்துக்கும் நடுவே பிறந்தவை. சென்னை ராஜதானியின் 1948-ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, யானையை விற்றதுபோல் காரையும் விற்கவேண்டிய நிலை பல அரண்மனைகளுக்கு உண்டாயிற்று. வாங்க வந்தவர்களில் வெளிநாட்டாரும் இருந்தார்கள். இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது என்கிற கவலையில்தான், 1950-க்கு முன் செய்த கார்களைத் தடையின்றி வெளியே அனுப்ப முடியாதபடி பின்னால் கட்டுப்பாடு வந்தது. 1964-ல் டில்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை பழைய கார்களின் ஊர்வலத்தை நடத்தத் தொடங்கியது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகமும், சென்னையில் ஏவி.எம். ஸ்டூடியோவுக்குள் அமைந்த அருங்காட்சியகமும் நம் காலத்தவை. அங்கே நிற்கிற கார்களின் பளபளப்பில் என் முகம் தெரிந்தது. அவை உழைத்த சுவடு தெரியவில்லை. இது என் கண்ணின் குறையாகவும் இருக்கலாம்.

விற்பனைக்கு வருகிறேன். போடி, ஏலத்தால் வாழ்கிற ஊர், இரண்டு அர்த்தத்திலும். காயின் பெயரும் ஏலம், அது விலையாகிற முறையும் ஏலம். முன்னெல்லாம் வாய்விட்டுக் கேட்ட விலையை, 2007 முதல் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் பொத்தானை அழுத்திக் கேட்கிறார்கள். 2019 ஆகஸ்டில் மலைக்கு மேலே புற்றடி மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனதை வியாபாரிகள் இன்னமும் பெருமூச்சோடு பேசுகிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் வந்தும் மாறாதது ஒன்றுண்டு: ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி சாம்பிள் வியாபாரியின் முன்னே வரும்; நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, ஒரு காயை உடைத்து விதையைக் கடித்துப் பார்த்தபின்தான் விரல் பொத்தானுக்குப் போகும். கைப்பிடியைப் பார்த்து மூட்டையை அறிகிற வித்தை அது.

பாதி முடிந்த வண்டிக்கு அந்த வித்தை பலிக்காது. முன்பாதி பின்பாதிக்குச் சாம்பிள் ஆகாது. அதனால் வண்டி விற்கிறவர்கள் மாட்டுத்தாவணியின் வழக்கத்தைத்தான் கைக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம். மாட்டுக்குப் பல்லும் சுழியும் பார்ப்பார்கள். வண்டிக்குச் சேசிஸும் நம்பரும். மாட்டை நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். வண்டியை மேட்டில் ஏற்றி, கியரை நழுவவிட்டுப் பார்ப்பார்கள். தரகர் துண்டைப் போட்டு அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதும், அச்சாரம் கைமாறியபின் வாக்கு மாறாததும் இரண்டுக்கும் பொது. மாட்டை வாங்கினால் கயிற்றோடு கொடுப்பார்கள். வண்டியை வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தோடும், கையெழுத்திட்ட இருபத்தொன்பதாம், முப்பதாம் நம்பர் ஃபாரங்களோடும் கொடுக்கவேண்டும். வேறு மாநிலத்து வண்டியானால் இருபத்தெட்டாம் நம்பரும். மலைக்கு மேலே ஒரு ராஜ்யம், கீழே ஒரு ராஜ்யம் என்றிருக்கிற இந்த ஊரில் அந்த இருபத்தெட்டாம் நம்பரால் தூக்கம் கெட்டவர்கள் அநேகர்.

கொட்டகைக்காரர் எழுபது வயதைக் கடந்தவர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வெகுகாலம் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகச் சிறிது தோட்டமும் இந்த ஜீப்பும் வாங்கியவர். ஆறு வருஷத்துக்கு முன்பு வண்டியைப் பழையபடி ஆக்கவேண்டுமென்று பேரனும் அவருமாக ஆரம்பித்தார்களாம். பேரன் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டான்.

“வாங்க தம்பி. குறையை மொதல்ல சொல்லிப்புடுறேன். அப்பறமா வெலையப் பேசுவோம்” என்று என் சிநேகிதரிடம் ஆரம்பித்தார்.

சொல்லவும் செய்தார். பின்பக்கம் பத்து அங்குலம் நீளம் கூட்டியது. அதைத் திரும்ப வெட்டி ஒட்டியாயிற்று, ஆனால் உள்ளே கைவிட்டால் வெல்டு தட்டுப்படும். முன்தரை புதுத் தகடு, பின்தரை பழையது, பேட்டரிக்குக் கீழே அரித்திருக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸ் மஹிந்திரா. எஞ்சின் பீஜோ டீசல், மாற்றியதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது. இவ்வளவையும் அவர் ஓர் ஆசாமியின் நோய்களைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து, ஒரு போல்ட்டை எடுத்து வேட்டி முனையில் துடைத்து, என் சிநேகிதர் உள்ளங்கையில் வைத்தார்.

“தலையப் பாருங்க.”

போல்ட்டின் தலையில் கூட்டெழுத்துப் பாணியில் ஓர் ‘எஃப்’ பொறித்திருந்தது. ஃபோர்டு கம்பெனி தான் செய்த ஜீப்பில் கண்ட இடத்திலெல்லாம் தன் முதலெழுத்தைக் குத்திவிடும்; வில்லிஸ் செய்த ஜீப்பில் அது இராது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில், எம்.டி.யூ. என்று தொடங்குகிற பழைய மதுரை நம்பருக்கு நேரே, செய்தவர் பெயர் வில்லிஸ் என்றே இருந்தது. என் சிநேகிதர் வண்டிக்கு முன்னால் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்கே போகிற சட்டம் வில்லிஸாக இருந்தால் உருண்டைக் குழாயாக இருக்கும். இது கவிழ்த்துவைத்த வாய்க்கால்போல் இருந்தது. ஃபோர்டுதான். ஆயுள் முழுவதும் தன் பெயர் இன்னதென்று தெரியாமலே ஒரு வண்டி இந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறது. டிஸ்போசலில் வந்த எல்லா ஜீப்பும் எழுதுகிற குமாஸ்தாவுக்கு வில்லிஸ்தானே! நம்பர் சேசிஸில் குத்தியிருந்தபடியே புத்தகத்திலும் இருந்ததால் பெரிய விபரீதம் ஒன்றும் இல்லை என்று சிநேகிதர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

இனிச் சட்டத்தின் கதை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்த திருத்தத்தின்படி, முதற்பதிவாகி ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டிக்குப் புராதன வாகனம் என்கிற தனி அந்தஸ்து உண்டு. நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பக்கத்தில் ‘வி.ஏ.’ என்று போட்டுக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும்; மறுபதிவுக்கு 5,000. காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் சாலையில் வரலாமே தவிர, தினப்படி காரியத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக்கூடாது. வாங்கவும் விற்கவும் தடையில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி ஆதி வடிவத்திலேயே இருக்கவேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாறுதல் செய்திருக்கக்கூடாது. இதற்கு முன்பே, 2019 ஜனவரியில், கம்பெனி செய்து கொடுத்ததற்கு மாறாக வண்டியை உருமாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது.

சட்டத்தின் நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் அது இந்த மலையடிவாரத்தில் எப்படி வந்து இறங்குகிறது என்று பார்க்கவேண்டும். அரண்மனைக் கொட்டகையில் உறையைப் போர்த்திக்கொண்டு அறுபது வருஷம் தூங்கிய கார், தூங்கியதனாலேயே ஆதி வடிவம் கெடாமல் இருக்கும், அதற்கு வி.ஏ. பலகை கிடைத்துவிடும், விலையும் லட்சக்கணக்கில் ஏறும். அதே அறுபது வருஷம் ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து, சுமப்பதற்காகவே நீட்டப்பட்டு, ஏறுவதற்காகவே எஞ்சின் மாற்றப்பட்ட ஜீப்புக்கு, உழைத்த ஒவ்வொரு அடையாளமும் சட்டத்தின் முன்னே ஒரு குறையாகிறது. அதன் பூர்வாசிரமமான ராணுவ வாழ்க்கை மூன்று நாலு வருஷம். மலை வாழ்க்கை அதைப்போலப் பதினைந்து இருபது மடங்கு. புதுப்பிப்பது என்றால் அந்த மூன்று நாலு வருஷத்துக்குத் திரும்பிப் போவது என்றும், மற்றதெல்லாம் சுரண்டி எறியவேண்டிய பெயிண்டு என்றும் நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். கோயில் திருப்பணியிலும் இப்படித்தான், நாயக்கர் கட்டியதை இடித்துப் பாண்டியர் கட்டியதைத் தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த விவகாரத்தில் எனக்குப் பட்டதைச் சொல்லப்போய் ஒரு கமிட்டியிலிருந்து விலகவேண்டி வந்தது, அது நிற்க.

பாதியில் நிற்கிற வண்டியை வாங்க வருகிறவர்கள் இரண்டு திசையிலிருந்து வருகிறார்கள். சேகரிப்பவர்கள், முடித்த வேலையைவிட முடியாத வேலையையே விரும்புகிறார்கள். முடித்துப் பெயிண்டு அடித்த வண்டியில் பட்டி எவ்வளவு, தகடு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது. பாதி வேலையில் இரும்பு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். மலைக்காரர்களுக்கோ பின்பாதிதான் வேண்டும். முன்பாதிக்கு விற்றவர் செலவழித்த பணத்தை அவர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆகையால் விற்கிறவன் போட்ட பணம் திரும்புவது மிகவும் துர்லபம். கொட்டகைக்காரரைக் கேட்டதில், கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, “பெரியப்பா, பழையபடி நீளம் போட்டுக் குடுத்தீங்கன்னா இப்பவே எடுத்துக்கிறோம்” என்று கேட்டுப் போனார்களாம். வெட்டி ஒட்டியதை மறுபடி வெட்ட அவருக்கு மனம் வரவில்லை.

விலை பேசுகிற கட்டம் வந்தது. எதிரில் வேறு வியாபாரி யாரும் இல்லை. ஒளிக்கவேண்டியது என் ஒருவனிடமிருந்துதான். இருந்தாலும் பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தம் வலக்கைமேல் போட்டுக்கொண்டு என் சிநேகிதரைப் பார்த்தார். சிநேகிதர் நகரத்துக்காரர், அந்தப் பாஷை தெரியாமல் விழித்துவிட்டுக் கையைத் துண்டுக்குள் நுழைத்தார். உள்ளே விரல்கள் நெளிந்தன. இவர் ஏதோ பிடித்தார், அவர் தலையை அசைத்தார். அவர் பிடித்தார், இவர் நூறா ஆயிரமா என்று புரியாமல் வாய்விட்டே கேட்டுவிட்டார். இருவரும் சிரித்தார்கள். கடைசியில் எதிலே படிந்தது என்று நான் கேட்கவில்லை, சிநேகிதரும் சொல்லவில்லை.

பெரியவர் வைத்த நிபந்தனை ஒன்றுமட்டும் என் காதில் விழுந்தது. வி.ஏ. பலகைக்காகப் பழைய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைச் சிநேகிதர் வெளியூர்க் காயலான் கடைகளில் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். டீசல் எஞ்சின் அவருக்கு வேண்டாத சுமை.

“அப்ப இந்த எஞ்சின எனக்கு விட்டுருங்க தம்பி. கெணத்து மோட்டாருக்குக் கரெண்டு இல்லாதப்ப ஓட்டிக்கிறேன்.”

பத்து நாள் கழித்து லாரியோடு போனபோதும் நான் கூட இருந்தேன். கொட்டகைக்குப் பக்கத்துப் புளியமரத்தின் தடித்த கிளையில் செயின் பிளாக்கைக் கட்டி, எஞ்சினைத் தூக்கி, மெக்கானிக் பையன்கள் இருவர் அதை ஊஞ்சல்போல் மெதுவாக ஒதுக்கி, லாரி டயர் ஒன்றின்மேல் இறக்கிவைத்தார்கள். பெரியவர் அதன்மேல் உரச்சாக்கைப் போர்த்தினார். ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சிநேகிதர் கையில் கொடுத்தார். பாரம் குறைந்த ஜீப், முன்பக்கம் நாலு விரற்கடை உயர்ந்து, மலையைப் பார்த்தபடி நின்றது. தள்ளுவதற்கு இரண்டு பேரே போதுமாயிருந்தது.